சமயநல்லூரைத் தாண்டாத ரயில்

வெள்ளைத் துணியின் ஓரத்தை இரண்டு விரல்கள் பிடித்து நேர் பார்த்தன. கத்தரி நுனியால் ஒரு சின்ன வெட்டு. அதற்கு மேல் கத்தரிக்கு வேலையில்லை. இரண்டு கைகளும் எதிரெதிரே இழுக்க, துணி இழை பிடித்து நேராகக் கிழிந்துகொண்டு போனது. கிழித்ததை மடித்து வைத்துவிட்டு அடுத்த துண்டு. ஊசி படக் கூடாத உடை அது. கட்டுகிற நாடாக்களைக்கூட அதே துணியின் ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வழக்கமாக அந்தக் கைகள் இவ்வளவு மெதுவாகப் போவதில்லை.

மகபூப்பாளையத்தில் பெண்கள் யாரும் இறந்துபோனால் மைதீன் பீவியைத்தான் கூப்பிடுவார்கள். நைட்டி தைத்துக் கடைகளுக்குப் போடுவது அவள் பிழைப்பு. மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவதற்கு அவள் கூலி வாங்குவதில்லை. அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் குளிப்பாட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்; பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்துவிட்டது. ஆளை ஒருமுறை பார்த்தால் போதும், துணி எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். ஒட்டும் விழாது, மிச்சமும் விழாது. தூக்கிப்போகிற சந்தூக்குப் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஆண்கள் அவளுக்காகக் காத்து நின்றது என்பது ஒருநாளும் கிடையாது.

இன்று இறந்துபோன ஜொஹராவைச் சாயங்கால அஸர் தொழுகையோடு எடுப்பதாகப் பேச்சு. ஜொஹராவின் ஒரே மகள் நுஸைபா போபாலிலிருந்து வரும் ரயிலில் இருந்தாள்.

அம்மாவுக்கு முடியவில்லை என்று தெரிந்தவுடன் கிளம்பியவள். ரயில் நேரத்துக்கு வந்திருந்தால் விடியுமுன்னே வீட்டுக்குள் நுழைந்திருப்பாள். ஜொஹரா கண்ணை மூடியது அதற்கும் வெகுநேரம் கழித்து, வெயில் ஏறிய பிறகு. உயிரோடு பார்த்திருக்க வேண்டியவள் இப்போது முகத்தையாவது பார்ப்பாளா என்று ஆகிப்போனது.

நுஸைபாவின் தம்பி யாசீன் கையில் போனோடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தான். கொடைரோட்டில் வண்டியை ஓரம் கட்டியபோதே அவள் இறங்கிக் கார் பிடிக்கிறேன் என்றிருக்கிறாள். இவன்தான் வேண்டாம் என்றான். இந்தா எடுத்துருவான், பெட்டி படுக்கையோடு எங்கே அலைவாய் என்று சொன்னான். பக்கத்தில் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்களாம். அங்கே பின்னால் வந்த இரண்டு வண்டிகளை முன்னால் விட்டுவிட்டு, ஒருவழியாக நகர்ந்து, ஊருக்கு முந்தின சமயநல்லூர் வருவதற்குள் வயல்காட்டில் மறுபடியும் நின்றுவிட்டது.

மைதீன் பீவி தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவள். அவளுக்குத் தெரியும்: ஒருதரம் பிந்திவிட்ட வண்டிக்கு அப்புறம் மரியாதை கிடையாது. நேரத்துக்கு வருகிற வண்டிக்கெல்லாம் அதுதான் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்க ஒதுங்க இன்னும் பிந்தும். நுஸைபாவை நிறுத்திவைத்துவிட்டு வந்த வண்டிகள் இரண்டும் இந்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஊதிக்கொண்டே ஸ்டேஷனுக்குள் போயின. ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த பெண்கள் தலையை நிமிர்த்தினார்கள்.

குளிப்பாட்டுவதற்கு முன் மைதீன் பீவி, இலந்தை இலை போட்ட தண்ணீர் ஆறிவிட்டது, திரும்பக் காய வையுங்கள் என்றாள். யாசீனின் மனைவி ரூபினா தொட்டுப் பார்த்தாள். ஆறவில்லை. தூக்கிப்போய் அடுப்பைச் சின்னதாக எரியவிட்டாள்.

அப்புறம் ஜொஹராவைக் குளிப்பாட்டி, துவட்டி, விரித்த துணியில் கிடத்தினார்கள். அதற்கு மேல் நேரத்தை இழுக்க எதுவும் இல்லை. மைதீன் பீவி திரைக்குப் பின்னாலிருந்து, துணி ஒரு முழம் பற்றவில்லை, வாங்கிவரச் சொல்லுங்கள் என்றாள்.

வெளியே நாற்காலியில் இருந்தவர் ஜொஹராவின் கணவருக்கு அண்ணன், பிள்ளைகளுக்குப் பெரியத்தா, அப்துல் ஹலீம். விளக்குத்தூண் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர்.

"ஏம்மா பீவி, இந்தத் தெருவுல பாதிப் பேருக்குத் துணி கிழிச்சவ நீ. ஒனக்கா அளவு தப்பிருச்சு?"

"தப்பிருச்சுண்ணே," என்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு நாக்குக் கூசியது.

அவர் ஆளனுப்பினார். துணி வருவதற்குள் யாசீன் அவரிடம், ஃபிரீசர் பெட்டி எடுத்து ராத்திரிவரை வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டான்.

"வைக்கலாம்டா. ராத்திரி வந்துரும்னு எவனாச்சும் சொல்லட்டும், வைக்கலாம். லேட்டுன்னா எம்புட்டு லேட்டுன்னு ஒருத்தனுக்காவது வாயில வருதா? இந்தா அந்தான்னே ஒங்கம்மாவ வெக்கையில போட்டு வச்சிருக்கானுக."

யாசீன் காலையிலேயே ரயில்வேக்குப் புகார் கொடுத்திருந்தான். 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று மத்தியானமே பதில் வந்துவிட்டது.

துணி வந்தது. மைதீன் பீவி ஒரு முழம் கிழித்தாள். வேண்டாத முழம். அதை மடித்து ஓரமாக வைத்தாள். பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள்.

நுஸைபா கூப்பிட்டாள். ரூபினா ஸ்பீக்கரில் போட்டாள். சுற்றிலும் ஆட்கள் சத்தம்; யாரோ ரயில் கார்டைத் திட்டிக்கொண்டிருந்தான். இறங்கிவிட்டாளாம். சரளைக்கல்லில் இறங்கி, வரப்பில் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தேடி நடக்கிறாளாம். ரோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்களாம்.

மய்யித்தை போனில் பிடிக்க மைதீன் பீவி எந்த வீட்டிலும் விட்டதில்லை. இன்று அவளாகவே சொன்னாள்: "வீடியோவுல வாம்மா. மொகத்தக் காட்டுறேன்."

நுஸைபா மூச்சிரைக்கச் சொன்னாள்:

"வேணாம் மாமி. செல்லுல பாக்குறதுக்கா ரெண்டு ராத்திரி குத்தவச்சு வந்தேன்?" கொஞ்ச தூரம் நடந்தாள் போலிருந்தது. "பெரியத்தா என்ன சொல்றாரு?"

"ஒன்னும் சொல்லல. வாசல்ல நிக்கிறாரு."

"கட்டிருங்க மாமி. என்னையத்தான் வழி நெடுக நிப்பாட்டி வச்சானுக. அம்மாவும் எதுக்கு நிக்கணும்?"

ரூபினா வாயைப் பொத்திக்கொண்டாள். மைதீன் பீவி அழவில்லை. எதையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல் கைகள் பரபரத்தன. உலுக்க எதிரே யாரும் இல்லை. எவன் முகத்தைப் பார்த்துக் கேட்பது? கேட்க ஓர் ஆளே இல்லாமல் ஒரு பெண்ணிடமிருந்து தாய்முகத்தைப் பறித்துக்கொள்ள முடிகிறது.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்து நகர்ந்தார்கள். மகளுக்கென்று விட்டிருந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை. மைதீன் பீவி இடப்பக்கத்துத் துணியை மேலே போட்டாள். அதன்மேல் வலப்பக்கம். கால்மாட்டில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு. தலைமாட்டுத் துணியைச் சேர்த்துப் பிடித்து, முகத்தை மூடி, நாடாவைச் சுற்றி இறுக்கினாள். கபர்க்குழியில் அவிழ்க்க எளிதாக இருக்கும்படி எப்போதும் போடுகிற சுருக்கு. இதில் மட்டும் இன்றும் பிசகில்லை.

திரையை விலக்கி யாசீனைக் கூப்பிட்டாள். அவனும் இன்னும் மூன்று பேரும் சந்தூக்குக்குத் தூக்கிப்போகக் குனிந்தார்கள். தலைமாட்டுப் பக்கம் அவன் கைகளைத் தானே எடுத்துத் துணிக்கு அடியில் வைத்தாள்.

"புடிச்சுக்க," என்றாள். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டாள்.