கழுதையின்ர வாயில எடுத்த மாங்கொட்டை

உனக்கு வேற வேலை இல்லையே பிள்ளை? செத்த கழுதையின்ர கதையைக் கேட்டு என்ன செய்யப் போறாய், கறி வைக்கவே? சரி, இரு. சொல்லித் துலைக்கிறன்.

மருமகன் மன்னாரில இருந்து லொறியில ஏத்திக்கொண்டு வந்த கழுதை அது. கடற்கரையில சின்னப் பிள்ளையளை ஏத்திச் சவாரி விடப் போறாராம். லிங்கநகரில எங்கட வேலியோட கட்டி நிண்டது. ஒருநாள் தெருநாய் ஒண்டு அதின்ர மூக்கில கடிச்சுப்போட்டு ஓடினது. அந்த நாயைப் பிறகு ஆரும் காணேல்ல. மஞ்சள் பூசி விட்டம். புண் ஆறிப்போச்சு, நாங்களும் மறந்து போனம்.

ஒரு மாதம் போயிருக்கும். கழுதை தின்னுதில்லை. வீணீர் வடியுது. தண்ணியில வாயை வைக்குது, விழுங்க ஏலாமல் நிக்குது. பின்னங்கால் இழுபடுது. தொண்டையில என்னவோ சிக்கிப்போச்சு எண்டு சனம் கூடீட்டுது. நான் அப்பதான் சூடை மீன் வெட்டிப்போட்டு வந்தனான், விரலெல்லாம் முள்ளுக் குத்தின காயம். மருமகன் வாயைப் பிடிக்க, முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினன். ஒண்டும் இல்லை.

சும்மா கையை எடுத்தால் சனம் நக்கலடிக்கும். நடுறதுக்கு எண்டு மடியில முடிஞ்சு வச்ச மாங்கொட்டை ஒண்டு இருந்தது. அதை உள்ளங்கையில மறைச்சு, கழுதையின்ர வாயுக்குள்ள இருந்து இழுக்கிற மாதிரி இழுத்துக் காட்டினன். "டொக்டர் ஆச்சி" எண்டு எல்லாரும் சிரிச்சவை. பக்கத்து வீட்டுக்காரி, தேங்காய் திருவிக் கீறுப்பட்ட கையால, கஞ்சியை அள்ளி அள்ளி அதின்ர வாயுக்குள்ள வச்சு விட்டவள். கொட்டைதான் வெளியில வந்திட்டுதே, இனி என்ன.

மூண்டாம் நாள் தன்ர காலைத் தானே கடிச்சுக் கடிச்சு அது செத்தது. மிருக வைத்தியர் வந்து பாத்தவர், நாய் கடிச்ச கதையையும் கேட்டவர். தலையைச் சோதனைக்கு எடுத்தவர்.

"விசர்நாய்க்கடி வருத்தம் போலதான் கிடக்கு. எச்சில் பட்ட எல்லாரும் இண்டைக்கே ஊசி போடவேணும். முடிவு வரட்டும் எண்டு இருக்கவேண்டாம், வருத்தம் வெளியில தெரிஞ்சால் பிறகு காப்பாத்த ஏலாது" எண்டார்.

மருமகன் ஓட்டோ பிடிக்கப் போனார். எனக்குப் பயமும் வரேல்ல, அழுகையும் வரேல்ல. சவுக்காரத்தைப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே நிண்டன். அந்தக் கை ஆரின்ரயோ கை மாதிரி இருந்தது.

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனன். அவள் படியில இருந்து கைக்குழந்தைக்குப் பால் குடுக்கிறாள். சுத்திவர நாலைஞ்சு பேர். சொன்னன்.

"போங்கோ ஆச்சி, உங்கட பகிடி. கொட்டை சிக்கின புண்ணிலதான் அது செத்தது. நீங்கள்தானே எடுத்தனீங்கள்" எண்டாள்.

திரும்பவும் சொன்னன். திரும்பவும் சிரிச்சவை. நான் முகத்தை எப்பிடி வச்சாலும் அவையளுக்குப் பகிடிதான்.

"அந்தக் கொட்டை என்ர மடியில இருந்தது" எண்டன். "கழுதையின்ர வாயில ஒண்டும் இருக்கேல்ல. எச்சில்தான் இருந்தது. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா, ஓட்டோ நிக்குது."