அலமாரிக்குள் ஒளிந்த துரை

சிரிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு இன்றும் ஓர் ஆங்கிலேய எழுத்தாளனைத்தான் சொல்கிறேன். படுக்கையறைக் கதைக்காரன். ஆள் மாறிய கட்டில், அவிழ்ந்த உடுப்பு, பொய், ஓட்டம், மறுபடி பொய். ஆபாசம்தான். ஆனால் படித்து முடித்தால் மனசில் அழுக்கு ஒட்டாது, விலாதான் வலிக்கும்.

யுத்த காலத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். பக்கத்து மேஜைக்காரன் என் சிநேகிதன். கடற்கரைத் தெருவில் வீடு. அவன் அண்ணன் தோணியில் கருவாடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தார். கொழும்பில் குண்டு விழுந்தது. கூடப்போன தோணிகள் திரும்பிவிட்டன. இனித் தோணி ஓட முடியாதபடி காற்றும் மாறிவிட்டது. அவரைப் பற்றி மட்டும் தகவல் இல்லை. சிநேகிதனுக்குச் சோறு இறங்கவில்லை. கடலைப் பார்த்துப் பார்த்து வெளுத்துப்போனான். கப்பல் அதிகாரி ஒருவர் விட்டுப்போன அந்த ஆங்கிலேயனின் புத்தகத்தை எடுத்துக்கொடுத்தேன்.

"இதப் படிலே. கொஞ்ச நேரம் கடல மறப்ப."

ஞாயிறு மத்தியானம் அவன் வீட்டு முன்னறையில் என்னையே தமிழில் சொல்லச் சொன்னான். பாதிரியார் ஒருவர் கால்சட்டை இல்லாமல் அடுத்தவன் மனைவியின் அலமாரிக்குள் ஒளிகிறார். கணவன் இருட்டில் அலமாரியைத் திறந்து, கொக்கி என்று நினைத்து அவர் விரலிலேயே கோட்டை மாட்டிவிட்டுப் போகிறான். பாதிரியார் மூச்சுவிடாமல் கோட்டைத் தாங்கி நிற்கிறார். சிநேகிதன் சிரித்தான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மாதக்கணக்கில் அடைபட்டது உடைத்துக்கொண்டு வந்தது.

ஆளைக் கடலுக்கு அனுப்பிய வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டால், அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம். அடுப்படியிலிருந்து அண்ணன் மனைவி ஓடிவந்தாள். கையெல்லாம் மாவு. முகமெல்லாம் வெளிச்சம்.

"அவுக வந்துட்டாவளா?"

சிநேகிதன் தலையைக் குனிந்துகொண்டான். இல்லை மைனி, இது வெறும் புத்தகம் என்று நான்தான் சொன்னேன். வெளிச்சம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவள் விரல் விரலாக மாவை உதிர்த்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். காலையில்தான் மாதா கோயில் பூசைக்குப் போய்வந்தவள்; பாதிரியார் என்று அவளிடம் சொல்ல நாக்குக் கூசியது. ஒரு துரை, போகாத வீட்டுக்குப் போய் அலமாரிக்குள் மாட்டிக்கொண்டார் என்றேன். கால்சட்டையை விட்டுவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அந்தத் தொர வீடு போய்ச் சேந்துட்டாரா?"

அந்தக் கதைக்காரனின் எழுத்தில் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எத்தனை அசிங்கப்பட்டாலும் கடைசிப் பக்கத்தில் கதவு திறக்கும். மனைவி திட்டிக்கொண்டே தேநீர் ஊற்றுவாள்.

"சேந்துட்டாரு மைனி."

"பொண்டாட்டி தேடியிருப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோணி போனதிலிருந்து அவள் அழுது யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு நாங்கள் கேட்டோம்.