ஆயர் தாவாருக்குப் போன கல்யாண கேக்

புஷ்பவள்ளி அக்கா போய்விட்டார் என்று அழைப்பு வந்தபோது சிலிபினில் உள்ள எங்கள் கேக் கடையில் ராயல் ஐசிங் அடித்துக்கொண்டிருந்தேன். அழைத்தது அவருடைய பக்கத்து வீட்டுப் பெண். "எழுப்பப் போனேன்க்கா, உடம்பு சில்லுன்னு இருக்கு." அப்படியே ஓடினேன். ஈரத்துணி போட்டு மூடாத ஐசிங் மாலைக்குள் கல்லாகிவிட்டது.

அவரிடம் கேக் வாங்கிய உங்களுக்கு அவர் கைவேலையை நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டை வெள்ளையும் ஐசிங் சீனியும் குழைத்துக் காகிதக் கூம்பில் நிரப்பி, சரிகை மாதிரி இழை இழையாக இழுப்பார். அவரும் நானும் சேர்ந்து நடத்திய கடை அது. நான் கழுவிய பாத்திரத்தை மோந்து பார்த்துத் திருப்பித் தருவார். "ஒரு சொட்டு எண்ணெ இருந்தாலும் முட்டை வெள்ளை எழும்பாதுலா கலா."

உங்களில் பலருக்குத் தெரியாதது, அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் கழுவப் போவார். ஊசி ஏறி ஏறி இடது கை புடைத்துக் கிடந்தது. "வலது கையைத் தொடாதீங்கன்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். அது ஐசிங் கை" என்பார்.

கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆயர் தாவாரில் இருந்த ஒரே தம்பி தன் சிறுநீரகத்தைத் தருவதாகச் சொன்னார். பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு கடைக்கு வந்து, நின்றபடியே சொன்னார்: "எனக்கும் புள்ளைங்க இருக்கு அக்கா. பயமா இருக்கு." அக்கா, "சரி, போ" என்றார். அன்று அவர் எந்த கேக்கையும் தொடவில்லை.

அடுத்த ஆண்டு அதே தம்பி மகளின் கல்யாணத்துக்கு கேக் கேட்டு வந்தார். "நீங்கதான் செய்யணும்னு மக சொல்றா." நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, "எத்தனை அடுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

மழைக்காலம். கேக்குக்குச் செய்த ஐசிங் பூக்கள் காயவே இல்லை. ரத்தம் கழுவிவிட்டுத் தள்ளாடி வந்து, நசநசத்துப் போனவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்தார். ஆயர் தாவாருக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு பக்கச் சரிகை உடைந்தது. மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒட்டினார்.

அப்போது தம்பி பெரிய கிளாஸ் நிறைய சிராப் சர்பத் கொண்டுவந்தார். "குடிங்க அக்கா, களைச்சிட்டீங்க." அக்காவுக்குத் தண்ணீரே அளவோடுதான். தாகத்துக்கு ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தவர் அவர். கிளாஸை வாங்கி, குடிக்காமல் மேசையில் வைத்தார்.

திரும்பும்போது காரில் கேட்டேன், "எப்படிக்கா மன்னிச்சீங்க?"

"யாரு மன்னிச்சா? புள்ளை கேட்டுச்சு, செஞ்சேன். அவன் மூஞ்சியப் பார்த்தா வயிறு எரியுது கலா. செத்தாலும் அடங்காது போல."

அதன்பின் அவருக்கு உடம்பு தேறவே இல்லை. சிறுநீரகம் கேட்டுப் பதிந்து வைத்திருந்தோம். அவர் முறை கடைசிவரை வரவில்லை.

சாவு வீட்டில் தம்பி தலைமாட்டில் விழுந்து அழுதார். "எல்லாத்தையும் மறந்து என் மகளுக்கு கேக் செஞ்சாங்களே!" வந்தவர்கள், "பெரிய மனசு" என்று தலையாட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்தேன்.

உங்களிடம் அவர் செய்த பூக்களின் படங்கள் இருக்கும். என்னிடம் இருப்பது அவருடைய கோபம். அது ஆறாமலேதான் அவர் போனார். ஆறிவிட்டது என்று பொய் சொல்லி அவரை வழியனுப்ப எனக்கு மனம் வரவில்லை.