குசினி இல்லாத பயணம்

சிவநேசம் நாலு நாடு பார்த்தவள் என்று மொன்றியல் டொலார்ட் முருகன் கோயிலடியில் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த நாலு நாட்டிலும் அவள் பார்த்தது நாலு குசினிகளை, நாலு அடுப்படிகளை.

ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்யவில்லை. சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. வருடாந்த லீவு வரும் நேரமாகப் பார்த்து, சொந்தத்தில் யாருக்காவது பிள்ளை பிறக்கும். லண்டனிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ தொலைபேசி வரும். “அக்கா, பத்தியக் கறிக்கு உங்கடை கை மாதிரி வராது.” அவள் இரண்டு பெட்டி நிறைய மல்லி, மிளகு, வேர்க்கொம்புச் சுக்கு என்று சரக்கைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறுவாள். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் முடியும்வரை அரைத்துச் சமைத்துப்போட்டு, வெறும் பெட்டிகளோடு திரும்புவாள்.

புகழ்ச்சியைப் போல மலிவான கூலி வேறில்லை. கொடுப்பவருக்குக் குறையாது, வாங்குபவருக்கு நிறையாது. அவளை ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது. அந்தப் புகழ்ச் சொல்லுக்கு அவளும் ஆசைப்பட்டாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி பாரிஸ் எப்படி இருக்கும் என்று கேட்டாள். மூன்று தரம் போனவள் சிவநேசம். யோசித்து யோசித்துப் பார்த்தாள். அங்கே தமிழ்க் கடைகளில் நல்ல முருங்கைக்காய் கிடைக்கும் என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த கிழமை, மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பயண முகவரிடம் போய் இத்தாலிச் சுற்றுலா ஒன்றுக்குப் பெயர் கொடுத்தாள். ரோம், புளோரன்ஸ், வெனிஸ். கூட வருவோர் எல்லோரும் ஓய்வுபெற்ற கியூபெக்காரர்கள்.

தங்கை சிவாஜினி தொலைபேசியில் பாய்ந்தாள். “வெள்ளைக் கிழவன் கிழவியளோடை தனியவோ? அங்கை இத்தாலியிலை, பொலோனியாவிலை தம்பி இருக்கேக்கை ஹோட்டலிலை படுக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?”

“நல்லா நித்திரை கொண்டாள் எண்டு சொல்லும்.”

“பகிடியை விடுங்கோ. தம்பியின்ரை மகளுக்கு இந்த மாசம் பிள்ளை கிடைக்கப் போகுது. கடவுளாப் பாத்து உங்களை அனுப்புறார்.”

“கடவுள் அனுப்பேல்லை. நான் காசு கட்டிப் போறன்.”

டோர்வல் விமான நிலையத்துக்கு அவள் ஒரு சின்னப் பெட்டியோடு போனாள். மற்றக் கையை என்ன செய்வதென்று அந்தக் கைக்கே தெரியவில்லை.

தனியாக வந்தவர்களை இருவர் இருவராக ஓர் அறையில் போட்டார்கள். சிவநேசத்துக்குக் கிடைத்தவள் ஜினெத். மொன்றியலில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள். குறட்டை விடுவாள். ரோமில் கால் வைத்த நேரம் முதல் “கல்லு, கல்லு, எல்லாம் கல்லு” என்று முறைப்பாடு. தொழிற்சாலையில் பொறுக்கிய பிரெஞ்சை வைத்துக்கொண்டே சிவநேசம் அவளோடு சண்டையும் பிடித்தாள், சிரிக்கவும் செய்தாள்.

கொலோசியம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆட்கள் சாவதை ஆட்கள் பார்க்கக் கட்டிய இடம். அதைப் பார்க்க அவள் இத்தாலி வந்திருக்கத் தேவையில்லை. பிடித்தது வேறொன்று. காலையில் யாரோ போட்டுக் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவாமல் எழும்பியது. முதல் நாள் பழக்கத்தில் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். ஜினெத் மணிக்கட்டைப் பிடித்து, “வை அதை” என்றாள்.

புளோரன்ஸிலிருந்து வெனிஸுக்குக் கிளம்பும் காலையில், சிவாஜினியிடம் ஹோட்டல் பெயரைக் கேட்டறிந்து, வாசலில் தம்பி அருமைராசா வந்து நின்றான்.

“அக்கா, பெட்டியை எடுங்கோ. கார் வெளியிலை நிக்குது.”

“பெட்டி பஸ்ஸிலை ஏறியாச்சு.”

“இறக்குங்கோ. பெடியன் பிறந்து ஒரு கிழமை. மாமி எப்ப வருவா எண்டு மகள் கேட்டபடி.”

“தாயும் பிள்ளையும் சுகமோ?”

“சுகம்தான். ஆனா சரக்கு அரைக்க ஆள் வேணுமே. என்ரை மனுசிக்கு உந்த அளவுகள் ஒண்டும் தெரியாது. உங்கடை கை மாதிரி வருமே?”

இவ்வளவு காலமும் அவளை விமானம் ஏற்றிய அதே வசனம். பச்சைக் குழந்தையின் உச்சந்தலை வாசம் நினைவில் வந்து, ஒரு கணம் கால் காரின் பக்கம் திரும்பியது. இப்போது ஏறினால் இத்தாலியும் ஒரு குசினியாகிவிடும்.

“நீ இஞ்சை வந்து எத்தினை வருசம்? வெனிஸ் பாத்தனியோ?”

“அங்கை என்ன கிடக்கு? தண்ணிதானே.”

“அந்தத் தண்ணியைத்தான் பாக்கப் போறன்.”

அவன் முகம் கறுத்தது. “எங்களைவிட உந்தக் கிழவியள் பெரிசோ?”

“பெரிசு சின்னன் இல்லை. உவை என்னட்டைச் சோறு கேக்கேல்லை.”

வெளியே சாரதி ஹோர்ன் அடித்தான். ஜினெத் ஒரு காலை பஸ் படியிலும் மற்றதைத் தெருவிலும் ஊன்றி, “சிவா!” என்று கத்தினாள். கதவிடுக்கில் கால் இருந்தால் எந்தச் சாரதியும் பஸ்ஸை எடுக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியாததா?

“போனை எடு. நான் சொல்லுறதை ரெக்கோட் பண்ணு” என்றாள் சிவநேசம்.

நின்றபடியே சொன்னாள். மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு, நற்சீரகம் எவ்வளவு, எதை வறுப்பது, எதைப் பச்சையாகப் போடுவது, இந்தக் கிழமைக்கு எந்த மீன். “வேர்க்கொம்பைத் தட்டிப்போட்டு அரை. இல்லாட்டி மிக்சி உடைஞ்சுபோம்.”

“ஆர் அரைக்கிறது?”

“நீதான். அம்மப்பா ஆகியிட்டாய். கை ரெண்டும் கிடக்குத்தானே? பேந்து இந்த ரெக்கோட்டைக் குடும்பக் குறூப்பிலையும் போடு. லண்டன், சூரிச் எல்லாம் கேக்கட்டும். இனி ஒருத்தரும் எனக்கு டிக்கெட் போட வேண்டாம்.”

சொல்லி முடித்தபோது பயமாகத்தான் இருந்தது. அவளைத் தேடிப் பிறர் வந்தது அந்த அளவுகளுக்காக. அதையே கொடுத்தாயிற்று. இனி அவளை யார் தேடுவார்களோ, தேடாமலே விடுவார்களோ.

“அப்ப எங்கடை வாசல் மிதியாதேங்கோ” என்றான் அருமைராசா.

“மிதிப்பன். பேரனைப் பாக்க வருவன். சமைக்க வரமாட்டன்.”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜினெத் கேட்டாள். “யார் அது?”

“தம்பி.”

“கோபமா?”

“நல்ல கோபம்.”

ஜினெத் பிஸ்கட் பெட்டியை நீட்டினாள். அவளுடைய ஆறுதல் அவ்வளவுதான். அது போதுமாயிருந்தது.

மலைப்பாதையில் இடையில் ஓரிடத்தில் நின்று, பஸ் மறுபடி கிளம்பியது. பொலோனியாவுக்குத் திரும்பும் பாதையின் பெயர்ப்பலகை தெரிந்த நேரம் தொலைபேசி அதிர்ந்து, ஒரு குறுஞ்செய்தி வந்தது. தம்பி வீட்டுக்குப் போய்விட்டான் போலிருக்கிறது.

“அக்கா, மிளகை வறுக்கிறதோ, பச்சையோ?”

விரல்கள் தாமாகவே பதிலை எழுதத் தொடங்கின. நிறுத்தி, எழுதியதை அழித்தாள்.

“சொல்லியிருக்கிறன். திரும்பப் போட்டுக் கேள்.”

அனுப்பிவிட்டுத் தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள். பெயர்ப்பலகை பக்கத்தில் வந்து, கடந்து போயிற்று. அவள் அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அது மறையும்வரை நேராகவே பார்த்தாள்.