பாலிதீன் ஜன்னலில் குங்குமம்

ஆயுத பூஜையன்று காலை டிடெக்டரின் சிக்னலில் முக்கால்வாசியைக் காணவில்லை. மறுநாள் அதை லாரியில் ஏற்றியாக வேண்டும். பலூன் தளத்தில் அதை டெலஸ்கோப்போடு சேர்த்து ராட்சத பலூனில் கட்டி மேலே அனுப்பக் காத்திருந்தார்கள். மேல்காற்று சாதகமாக வீசும் அந்தப் பருவத்தை விட்டால் அடுத்த வருஷம்தான்.

மைசூரில் ஒரு வானியல் லேபில் வேக்யூம், க்ரையோ என்னும் கடுங்குளிர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அப்போது ஃபார் இன்ஃப்ராரெட் டிடெக்டரைத் திரவ ஹீலியத்தில் குளிர்ச்சியாக வைத்திருப்பது என் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்த வெப்பக் கதிர் கண்ணாடிக்குள் நுழையாது, பாலிதீனுக்குள் நுழையும். அதனால் டிடெக்டரின் ஜன்னலே பாலிதீன்தான். பார்வைக்கு ஊறுகாய் ஜாடி மூடி.

அந்த மூடியின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

எங்கள் தலைமை விஞ்ஞானி டாக்டர் சந்தானம் மைசூரிலேயே பிறந்த தமிழர். கோபத்தில் கன்னடம் முந்திக்கொள்ளும்.

"ஏனு இது? யார் வெச்சது?"

வைத்தவள் செல்வி. தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரி, லேபைக் கூட்டித் துடைக்கச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒளியாமல் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தானுங்க சார். மூடின்னு நெனச்சுட்டனுங்க."

"டிடெக்டர் போச்சுன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்மா."

எனக்குச் சுருக்கென்றது. "சார், வேக்யூம் பம்புக்கு நீங்களே பொட்டு வெச்சீங்க. 'ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் வை'ன்னு தட்டை அவ கையில குடுத்ததும் நீங்கதான்."

டாக்டர் பம்பைப் பார்த்தார். பம்பு மங்களகரமாக இருந்தது.

ஜன்னலைத் தேய்த்துத் துடைக்க முடியாது. உள்ளே வேக்யூம், கீறல் விழுந்து விரிசல் விட்டால் காற்று புகுந்து எல்லாம் முடிந்தது. கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி குளிரவைக்க நாளும் இல்லை, ஹீலியமும் இல்லை. செல்வி சுவரோரம் நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறியியல் படித்த யாருக்கும் அவளைப் பார்க்கத் தெம்பில்லை.

சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. இந்தக் கதிருக்குத் தண்ணீர் பரம விரோதி, வழியிலேயே விழுங்கிவிடும். காற்றில் இருக்கும் ஈரத்துக்குப் பயந்துதான் டெலஸ்கோப்பையே பலூனில் கட்டி மேலே அனுப்புகிறோம். அதை டாக்டருக்கு நினைவுபடுத்தினேன். அவருக்குத் தெரியாததல்ல, கோபத்தில் மறந்திருந்தார். டேபிள் ஃபேனை ஜன்னலுக்கு நேரே வைத்தோம். பூஜைப் பொரியைச் சாப்பிட்டபடி காத்திருந்தோம். செல்வி சாப்பிடவில்லை.

காய்ந்த சந்தனம் வெடித்து, ஊதியதும் உதிர்ந்தது. குங்குமம் மட்டும் மெல்லிய தூளாய் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே சூடான கறுப்புத் தகட்டை வைத்து டெஸ்ட் எடுத்தோம். மீட்டர் ஏறியது. வழக்கமான அளவுக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது.

"இது போதும், அனுப்பலாம். குங்குமம் அப்படியே போகட்டும், யாரும் கை வைக்காதீங்க" என்றார் டாக்டர்.

"என் வேலைங்க சார்?"

"இருக்கும்மா. நான் சொன்னது தப்பு."

செல்வி பொரியை ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள். "குங்குமம் மறைக்கலீங்களா அக்கா?"

"இந்தக் கதிரோட அலை ரொம்ப நீளமானது. பொடித் தூசியைச் சட்டை பண்ணாது. வானத்துல நட்சத்திரம் பொறக்கிற இடமெல்லாம் தூசிதான். சாதா டெலஸ்கோப்புக்கு இருட்டாத் தெரியும். இதுக்கு அந்தத் தூசியோட சூடே தெரியும்."

அவள் மூலையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். "தூசியத் தொடைக்க எனக்குச் சம்பளம். தூசியப் பாக்க உங்களுக்குச் சம்பளமுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆமா" என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொல்லி, டிடெக்டரின் ஒவ்வொரு பாகமாகக் காட்டினார்.

புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் இன்றும் சொல்வது இதுதான். ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதற்கு முன், அந்த வேலையை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேளுங்கள். எங்கள் லேபில் அதுவரை செல்விக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.