முதலில் வந்தது வெள்ளைப் பூ

முருகனை நம்பும் சொந்தங்களே, இதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை! நான் முத்தையாபுரத்துக்காரன். தூத்துக்குடி சந்தையில் வாழைத்தார் ஏலம் கூவுகிறவன். தொண்டைதான் என் கடை. போன வருடம் அந்தக் கடை அடைத்துவிட்டது. டான்சில் மாதம் தவறாமல் வீங்கியது. காய்ச்சல் வேறு. கடைசியில் சீழ் கட்டி, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கூவ முடியாதவனை நம்பி ஸ்ரீவைகுண்டத்து விவசாயிகள் தார் இறக்குவார்களா? முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

டான்சிலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. இரண்டு வழி சொன்னார். கத்தியால் பிரித்து எடுத்தால் அப்போது ரத்தம் கொஞ்சம் கூடப் போகும், பிறகு வலி குறைவு. கரண்டுச் சூட்டால் எடுத்தால் ரத்தம் அவ்வளவாக வராது, பிறகு வலி அதிகம்.

"பெரியவங்களுக்கு எப்படி எடுத்தாலும் வலிக்கத்தான் செய்யும். பொருக்கு உதிரும்போது ரத்தமும் வரலாம். யோசிச்சிட்டு வாங்க அண்ணாச்சி."

யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடிக்காத குறை. என் மனைவி பார்வதிதான் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள். கத்திக்கு வெள்ளைப் பூ, சூட்டுக்குச் சிவப்பு. தனித்தனியாக இலையில் மடித்து, முருகன் முன்னால் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்தாள். வெள்ளை! ரத்தத்தை நினைத்துப் பயந்துவிட்டேன். மறுபடி போடு என்றேன். சிவப்பு வந்தது. அந்த வலிக்குப் பயந்து, இன்னொரு தடவை என்றேன்.

பார்வதிக்கு வந்ததே கோபம்! "சாமிகிட்டயே ஏலம் விடுதியளோ? உங்களுக்குப் பிடிச்ச விலை வார வரைக்கும் கேப்பியளோ?"

வெட்கமாகப் போயிற்று. அழுதபடி விழுந்து கும்பிட்டேன். "முருகா, இனி எது என்று கேட்க மாட்டேன். நீ கூட வந்தால் போதும்." அழுகை நின்றது. மனதில் ஒரே ஒரு கேள்வி தெளிவாக எழுந்தது. மறுநாள் அதை டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"உங்க கைக்கு எதும்மா நல்ல பழக்கம்?"

"கத்திதான் அண்ணாச்சி. படிச்ச காலத்துல இருந்தே அதான்."

பார்வதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். முதலில் வந்தது வெள்ளைதானே!

கத்தியாலேயே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலி காதுவரை இழுத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆறிய குழைந்த சோறுதான் சாப்பாடு. பயந்த மாதிரி ரத்தம் வரவே இல்லை! திருச்செந்தூரில் முடி இறக்கிவிட்டு, மொட்டைத் தலையோடு ஏலக் களத்துக்குப் போனேன். முதல் தாருக்கு முன்னால் "முருகா!" என்று ஒரு கூவல் விட்டேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண்ணீர் கொட்டியது.

உங்களுக்கும் கஷ்டமா? அவனிடம் கேளுங்கள். டாக்டரிடமும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஆனால் சாமி சொன்ன பிறகு மறுபடி ஏலம் விடாதீர்கள். அவன் முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருப்பான்.