கசந்த சுருட்டு

கண்டியில் நான் வேலை பார்த்த மருந்துக் கடையின் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. ஸ்பிரிட், டர்பன்டைன், ஈதர் மூன்றும் அங்கேதான் இருந்தன. போத்தல் மூடிகளுக்கு அரக்கு உருக்கும் சிறு விளக்கும் அங்கேதான் எரிந்தது. விளக்கை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி, வேலைக்குச் சேர்ந்த வாரமே முதலாளியிடம் கேட்டேன். வெளியே காற்றடித்து அரக்கு இறுகிவிடும் என்றார். ஆனாலும் என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தவர்போல, தீயணைக்கும் பித்தளைப் பம்பு ஒன்றை வாங்கிக் கதவோரம் மாட்டினார்.

பம்புக்குள் இருந்தது காபன் டெட்ராகுளோரைட். தண்ணீர் அடித்தால் மருந்துகள் பாழாகும். இந்தத் திரவம் கனத்த ஆவியாகி நெருப்பை மூடி அணைத்துவிட்டு, ஈரம்கூட வைக்காமல் பறந்துவிடும். கண்டியில் மோட்டார் வைத்திருந்த சிலர் வண்டியிலும் அதை மாட்டியிருந்தார்கள். அதன் நற்குணங்கள் எல்லோருக்கும் தெரியும். கெட்ட குணம் ஒன்று உண்டு: அடைத்த அறையில் நெருப்பின் மேல் பட்டால் அதில் ஒரு பங்கு பொஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

கொழும்பில் எனக்கு இரசாயனம் கற்பித்தவர் பெரிய யுத்தத்தில் அந்த வாயு பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் சொன்னதை நான் வரிசையாக மனதில் வைத்திருந்தேன். மக்கிய வைக்கோல் வாடை வரும். புகைப்பவனுக்குப் புகையிலை திடீரென்று பிடிக்காமல் போகும். சில மணி நேரம் ஆள் நன்றாகவே இருப்பான். அந்த நேரத்தில் நடந்தவர்கள், சுமை தூக்கியவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். படுத்திருந்தவர்கள் பிழைக்க வாய்ப்பிருந்தது.

குருநாகல் பக்கமெல்லாம் மலேரியாக் காய்ச்சல் பரவியிருந்த காலம் அது. ஒரு நாள் காலை, கலகெதரக் கடைக்காரர் ஒருவர் கொயினா மருந்து ஏற்றிப்போக லொறி அனுப்பியிருந்தார். லொறி கடைச் சந்தின் மேல்முனையில் நின்றது. முதலாளி அவசரத்தில் ஸ்பிரிட்டைப் போத்தலுக்கு மாற்றும்போது சிந்திவிட்டது. விளக்குச் சுடர் அதைப் பிடித்துக்கொண்டது. அவர் வெளியே பாய்ந்து, வாசலில் நின்றபடியே பம்பு காலியாகும்வரை அடித்தார். பிறகு கதவை இழுத்துச் சாத்தினார்.

திறந்தபோது நெருப்பு இல்லை. புகைகூட அதிகமில்லை. தரை உலர்ந்திருந்தது. எதிர்ச் சுவரோரம் கொயினாப் பெட்டிகள் இரண்டும் கருகாமல் இருந்தன. முதலாளி அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு, கடையில் மூட்டை சுமக்கும் நாட்டாமியை அழைத்தார்.

நாட்டாமி மஹய்யாவையில் குடும்பத்தோடு இருந்தார். அதற்குமுன் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். முன்கடையில் மருந்து கலந்துகொண்டிருந்த நான் வாடை பிடித்து ஓடிவந்தேன். அந்தத் திரவத்தின் இனிப்பு வாசனைக்கு அடியில் வைக்கோல் மக்கும் வாடை இருந்தது. உள்ளே போகாதீர்கள், அது நெருப்பில் பட்டு விஷமாகியிருக்கிறது என்றேன்.

நாட்டாமி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த வாசம் எனக்குத் தெரியும் மிஸ்ஸி. தோட்டத்துல வரிசையா நிக்க வச்சுக் குடுத்த வயித்துப் பூச்சி மருந்துதானே இது. குடிச்சே ஒண்ணும் ஆகல, மோந்தா என்ன ஆகப்போகுது?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. கொக்கிப் புழுவுக்குத் தோட்டங்களில் அதே திரவத்தைத்தான் அளந்து கொடுத்தார்கள். ஊரில் பலபேர் வயிற்றுக்குள் போய்வந்த மருந்து அது, யார் பயப்படுவார்கள்? நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். ஒரு பெட்டியோடு வந்தார். கையை நீட்டி மறித்தேன். விலகிக்கொண்டு இன்னொரு தடவையும் போய்வந்தார். கண்ணில் நீர், இரண்டு இருமல், அவ்வளவுதான். பெட்டிமேல் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"தூ. சுருட்டு என்னமோ கசக்குது."

"ஒன்ன எவனோ நல்லா ஏமாத்தி வித்திருக்கான்," என்றார் முதலாளி.

இருவரும் சிரித்தார்கள். நாட்டாமி சுருட்டை வீசிவிட்டுப் பெட்டியைத் தலைக்குத் தூக்க எழுந்தார். லொறிக்குப் போகச் செங்குத்தான படிகள் ஏற வேண்டும். சுருட்டு கசந்ததே எனக்குப் போதுமான அடையாளம். முதலாளியைத் தனியே அழைத்து, இவர் இன்று ஒரு அடி எடுத்து வைத்தாலும் மாலைக்குள் செத்துப்போகலாம் என்றேன். நெருப்பைக் கண்டு நான் மிரண்டுவிட்டேன் என்று அவர் நினைத்தார். ஆனால் என் முகத்தைப் பார்த்தபின், "சரி புள்ள, நான் தூக்குறேன்," என்று லொறிக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுப் பெட்டிகளோடு போனார்.

மூட்டைக்காரருக்கு அது அவமானமாகிவிட்டது. முதலாளி சுமக்க, தான் சும்மா இருப்பதா? சும்மாட்டை எடுத்துக்கொண்டு, இங்கே வேலை இல்லையென்றால் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினார். மஹய்யாவைக்கு அவர் நடந்துதான் போவார். வாயு, நுரையீரல் என்று நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மூச்சும் பேச்சும் சரியாக இருக்கும் ஆளிடம் வேறு எப்படிச் சொல்வது?

பிறகு கேட்டேன்: "பூச்சி மருந்து குடுத்த நாள்ல தோட்டத்துல உங்கள மலைக்கு வேலைக்கு அனுப்பினாங்களா அண்ணே?"

"அதெப்படி? லயத்து வீட்டுலயே படுக்கச் சொல்லுவாங்க. படுத்தாலும் பேரு உண்டு."

ஒரு நாள் வேலைக்கான கணக்கைத் தோட்டத்தில் 'பேர்' என்பார்கள்.

"அன்னைக்கு நீங்க குடிச்சதுக்கு மேலயே இன்னைக்கு மோந்துட்டீங்க. அதே சட்டம்தான். இங்கயே படுங்க. பேரு உண்டு."

அவர் வாசலிலிருந்து திரும்பினார். பிறகு சும்மாட்டைத் தலைக்கு வைத்து வாங்குப் பலகையில் நீட்டிப் படுத்தார்.

முன்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதட்டு நிறம், நகத்தின் நிறம், மூச்சு, இருமல். இந்த நான்கையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மதியம்வரை நான்கும் சரியாக இருந்தன. வாடிக்கையாளர்கள் வந்து, என்ன நாட்டாமி பகலில் தூங்குகிறார் என்று கேலி செய்தார்கள். அவரும் பதிலுக்குப் பேசினார். நான் தவறாகக் கணித்துவிட்டேனோ என்றுகூட எண்ணினேன். அப்படி இருந்துவிடக் கூடாதா என்றும் இருந்தது.

வெயில் சாயும்போது மூச்சு குறுகத் தொடங்கியது. பேசுவதை நிறுத்தினார். நகங்கள் நீலம் பாய்ந்தன. இருமியபோது நுரை வந்தது. அவரை எழ விடாமல் வாங்கோடு தூக்கச் சொன்னேன். முதலாளி ஒரு முனையைத் தன் தோளில் வைத்தார். கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுவதும் முதலாளி ஓதிக்கொண்டே வந்தார். டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: வாயு பட்டபின் நடந்தாரா? பெட்டிகளை வெளியே எடுத்ததோடு சரி, பிறகு படுத்தேயிருந்தார் என்றேன். ஒக்சிஜன் கொடுத்தார்கள். அப்படியும் மூன்று நாள் யாரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

அவர் பேச முடிந்த அன்று நானும் முதலாளியும் கட்டிலருகே நின்றோம். குரல் தாழ்ந்து, காற்றாகத்தான் வந்தது.

"மிஸ்ஸி, அன்னைக்குப் பேரு போட்டாச்சா?"

பேர் உண்டு என்ற வாக்கை நான் முதலாளியைக் கேட்காமலே கொடுத்திருந்தேன். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்ததும் விளங்கிக்கொண்டார்.

"போட்டாச்சு வாப்பா," என்றார். "நீ படு. படுத்திருக்கிற நாளெல்லாம் பேருதான்."